வன்னிக் குளங்களின் பதிவுத்தளம்: அடுத்த வசதிகளைத் திட்டமிட்ட விதம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

முல்லைத்தீவு மாவட்டத்தில் புவியியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், தம் பிரதேசத்துக் குளங்களைப் பற்றிய தகவல்களைச் சேர்த்து வைப்பதற்கென ஓர் இணையத்தளத்தைத் தாமே எழுதி அமைத்து, எந்த நிறுவனத்தின் உதவியும் இன்றிப் பேணி வருகிறார். அத்தளத்தில் இனி எந்த வசதிகளைச் சேர்ப்பது, எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடுவது என்று அவர் தீர்மானிக்க முற்பட்டபோது நான் உடனிருந்து உதவினேன். தனியாளாக ஒரு தளத்தைக் கட்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால், அத்தீர்மானங்கள் உருவான வழியை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

தளமும் அதன் நிலையும்

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு போன்ற பெருங்குளங்களைப் பற்றி நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆவணங்களிலும் பழைய நூல்களிலும் ஏதோவொரு குறிப்பு கிடைத்துவிடும். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்குக் குறைந்த வயல்நிலத்துக்கு நீர் பாய்ச்சும் சிறுகுளங்களின் நிலை வேறு. அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பவை. அவற்றுள் பலவற்றைக் கட்டியவர் யார், எந்த ஆண்டில் அணை உடைத்தது, துருசு (நீரைத் திறந்துவிடும் மதகு) எப்போது மாற்றப்பட்டது என்பன ஊர் முதியவர்களின் நினைவில்தான் எஞ்சியிருக்கின்றன. மீண்டும் மீண்டும் நேர்ந்த இடப்பெயர்வுகளில் கோப்புகளும் குடும்பப் படங்களும் அழிந்துபோன நிலப்பரப்பு இது. ஆகவே இத்தளத்தில் உள்ள ஒரு பக்கம் தவறாகப் போனாலோ மறைந்துபோனாலோ, அதைச் சரிபார்ப்பதற்கு வேறிடம் பெரும்பாலும் இல்லை. திட்டமிடலின் எல்லாக் கட்டங்களிலும் இந்த உண்மையே முன்னின்றது.

தளம் மிக எளிமையாகத் தொடங்கப்பட்டது. குளமொன்றுக்கு ஒரு எச்டிஎம்எல் கோப்பு, அதன் மேலே பட்டியல், கீழே ஓர் அட்டவணை, நடுவில் கைபேசியில் எடுத்த படங்கள் என்பதே அமைப்பு. கிட்ஹப் பேஜஸ் இலவசமாகத் தரும் இடத்தில் அது இருக்கிறது. அங்கே வெளியிடப்படும் தளம் ஒரு ஜிகாபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதும், மாதத்துக்கு 100 ஜிகாபைட் வரையே தரவு செல்லலாம் என்பதும் விதி. பார்வையாளர்களில் பெரும்பாலானோர் வட்ஸ்அப்பில் வரும் இணைப்பை அழுத்திக் கைபேசி வழியாக வருகிறார்கள்: ஒப்படை எழுதும் மாணவர்கள், கமக்கார அமைப்புகளைச் சேர்ந்தவர்கள், புலம்பெயர்ந்து வாழும் ஊரவர்கள்.

பக்கங்கள் நூற்றைம்பதை நெருங்கியபோது, மேற்பட்டியலில் ஒரு சொல்லை மாற்றுவதற்கும் எல்லாக் கோப்புகளையும் திறக்கவேண்டிய நிலை வந்தது. அதே வேளையில் வேண்டுகோள்களும் குவியத் தொடங்கின. தேடல், வரைபடம், முதியவர்களின் குரற்பதிவு, காலக்கோடு, சிங்கள ஆங்கிலப் பதிப்புகள், உறுப்பினர் கணக்கு, கைபேசிச் செயலி, அன்றாட நீர்மட்டம் எனப் பட்டியல் நீண்டது.

எதைக் கொண்டு அளப்பது

சிறுபோகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது முதலில் அறிவிக்கப்படும். அதன் பின்னரே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்ற பேச்சு தொடங்கும். கமக்காரக் குடும்பத்தில் பிறந்த ஆசிரியை தம் பட்டியலையும் அவ்வாறே அணுகினார். பாடசாலைத் தவணைகள், உயர்தரப் பரீட்சைக் காலம், வீட்டுக் கடமைகள் ஆகியவற்றைக் கழித்தபின் தளத்துக்கென மிஞ்சுவது விடுமுறைகளில் சில நாட்களே என்பதை முதலில் எழுதிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் எதிரே இரண்டு உழைப்புகளைக் குறித்தார்: ஒரு தடவை செய்து முடிப்பதற்கான உழைப்பு, ஆண்டுதோறும் பேணுவதற்கான உழைப்பு. முதலாவது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு நாள் முடிந்துவிடும். இரண்டாவது, எவ்வளவு சிறிதாக இருந்தாலும், தளம் இருக்கும் வரை தொடரும்.

இதிலிருந்து ஒரு கேள்வி பிறந்தது: உடல்நலக் குறைவாலோ இடமாற்றத்தாலோ ஓராண்டு முழுவதும் தளத்தைத் தொட முடியாமல் போனால், இந்த வசதி அப்போதும் இயங்குமா, அது காட்டுவது அப்போதும் உண்மையாக இருக்குமா? தனியாள் தளத்துக்கு இதைவிட நேர்மையான உரைகல் இல்லை என்று நான் கருதுகிறேன். எது புதுமையானது, எது அழகானது என்ற கேள்விகள் இதற்கு முன்னால் வலுவிழந்துவிடுகின்றன.

நீர்மட்டம் காட்டும் பகுதி இந்தக் கேள்வியில் உடனே விழுந்தது. அதை மிகவும் விரும்பியவர்கள் மாணவர்களே. “ரீச்சர், இண்டைக்கு எத்தனை அடி தண்ணி நிக்குதெண்டும் போட்டா நல்லம்” என்று ஒரு மாணவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது; மாரியில் எல்லோரும் கேட்கும் கேள்வி அதுவே. ஆனால் அத்தகவல் திணைக்களத்திலிருந்து நாள்தோறும் வரவேண்டும், வந்ததை யாராவது நாள்தோறும் பதியவேண்டும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்ததைப் போன்ற ஓர் இரவில், முந்தைய நாளின் அளவைக் காட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தை நம்பி, வான்பாயும் (நிரம்பி வழியும்) குளத்தின் கீழ்ப்புறத்தில் ஒரு குடும்பம் தங்கிவிடக்கூடும். தகவல் இல்லாத பக்கம் எவரையும் தவறாக வழிநடத்தாது; பழைய தகவலைப் புதியதுபோல் காட்டும் பக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே அவ்விடத்தில், வெள்ள எச்சரிக்கைக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் நாடவேண்டும் என்ற ஒரு வாசகம் மட்டும் வைக்கப்பட்டது.

உறுப்பினர் கணக்குக்குக் கடவுச்சொற்களையும் பிறரின் தனிப்பட்ட விவரங்களையும் காக்கும் பொறுப்பு வேண்டும் என்பதால் அது நீங்கியது. கூகிள் பிளேயில் இருக்கும் செயலிகளைப் புதிய ஆண்ட்ராய்ட் பதிப்புகளுக்கு ஏற்ப ஆண்டுதோறும் திருத்தவேண்டும் என்பதால் செயலியும் நீங்கியது.

வசதிக்கு முன் பதிவு

எஞ்சிய வேண்டுகோள்களை அடுக்கிப் பார்த்தபோது, அவை எல்லாமே ஒரே இடத்தில் வந்து நின்றன. வரைபடத்துக்கு ஒவ்வொரு குளத்தின் அமைவிடமும் எண்ணாக வேண்டும். காலக்கோட்டுக்கு ஆண்டு தனியாக வேண்டும். தேடலுக்குப் பெயர் தனியாக வேண்டும். ஆனால் இவை யாவும் பக்கங்களின் உரைநடைக்குள் கலந்து கிடந்தன. ஆகவே முதலாவது பணி எந்த வசதியையும் சேர்ப்பதாக இல்லாமல், தகவலைப் பக்கத்திலிருந்து பிரித்து, ஒரு குளத்துக்கு ஒரு வரி என்ற வகையில் சாதாரண சிஎஸ்வி (காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட வெற்றுரை) அட்டவணையாக்குவது என்று முடிவாயிற்று. அந்த அட்டவணையிலிருந்து பக்கங்களை உருவாக்க ஹியூகோ தெரிவு செய்யப்பட்டது. அது ஒரே ஒரு கோப்பாக வரும் மென்பொருள். இணைய இணைப்பு இல்லாமலும் பழைய மடிக்கணினியில் இயங்கும். அதன் புதிய பதிப்புகள் சில வேளைகளில் பழைய வார்ப்புருக்களுடன் ஒத்துப்போவதில்லை என்பதால், இப்போது பயன்படும் பதிப்பையே தளத்தின் மூலக்கோப்புகளுடன் சேர்த்துப் பென்டிரைவில் வைத்திருக்க ஆசிரியை முடிவுசெய்தார்.

அட்டவணையின் நிரல்களை (நெடுக்கு வரிசைகளை) தீர்மானிப்பதே முழுத் திட்டத்திலும் அதிக சிந்தனையைக் கேட்டது. அளவுகளை எடுத்துக்கொள்வோம். பழைய ஆவணங்கள் கொள்ளளவை ஏக்கர் அடியில் சொல்கின்றன. புதியவை மில்லியன் கன மீற்றரில் சொல்கின்றன. ஓர் ஏக்கர் அடி ஏறத்தாழ 1,233 கன மீற்றர். எல்லாவற்றையும் மாற்றி ஒரே அலகில் எழுதிவிட்டால் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும்; ஆனால் மாற்றும்போது நேர்ந்த பிழையையும் மூலத்தில் இருந்த பிழையையும் பிறகு பிரித்தறிய முடியாது. எனவே மூலத்தில் உள்ள எண், மூலத்தில் உள்ள அலகு, எங்கிருந்து பெறப்பட்டது ஆகிய மூன்றும் மாறாமல் பதியப்படும். மற்ற அலகிலான எண்ணைப் பக்கம் உருவாகும்போது ஹியூகோவே கணித்துக்கொள்ளும்.

காலம் இதைவிடச் சிக்கலானது. ஒரு குளத்தின் அணை எப்போது உடைத்தது என்று கேட்டால், “அது புயலடிச்ச வருசம், பிள்ளை” என்பதே விடையாக வரும். வயது முதிர்ந்தவர் சொல்வது பெரும்பாலும் 1964 டிசம்பர்ப் புயலை. இளையவர் சொன்னால் அது 2008 நவம்பரில் வந்த நிஷாவாக இருக்கலாம். 1995 இடப்பெயர்வுக்கு முன், ஆழிப்பேரலைக்குப் பின் என்றெல்லாம் காலம் நிகழ்வுகளால் குறிக்கப்படுகிறது. இவற்றை ஒரு துல்லியமான திகதியாக மாற்றினால், சொன்னவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைத்ததாகிவிடும். ஆகவே சொன்னவரின் சொற்கள் ஒரு நிரலிலும், அது இந்த ஆண்டுக்கும் அந்த ஆண்டுக்கும் இடைப்பட்டது என்ற மதிப்பீடு வேறு இரு நிரல்களிலும் செல்கின்றன. காலக்கோடு வரையப்படும் நாளில், உறுதியான ஆண்டு புள்ளியாகவும் உறுதியற்றது நீண்ட கோடாகவும் தோன்றும். காலக்கோடு எனும் வசதி இன்னும் செய்யப்படவில்லை. ஆனால் அதற்கான தீர்மானம் இப்போதே எடுக்கப்படாவிட்டால், பின்னர் முதியவர்களிடம் திரும்பிச் சென்று கேட்க இயலாமல் போய்விடும். எதிர்கால வசதிகளைத் திட்டமிடுவதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பழைய குறிப்புகள் பலவும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருப்பதால், அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது இடையே வரும் ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். காற்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ‘இ’ வந்து நிற்கும். இலங்கைத் தமிழ்ப் பக்கங்களில் நாம் அடிக்கடி காணும் இந்தக் காட்சிக்குக் காரணம், காற்புள்ளிக்குரிய விசை பாமினியில் ‘இ’க்கு உரியதாக இருப்பதே. எண்களும் பெயர்களும் அடுத்தடுத்து வரும் பதிவில் இது கவனிக்கப்படாமல் போனால் பிழைகள் நிலைத்துவிடும் என்பதால், மாற்றிய ஒவ்வொரு பதிவும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கப்பட்ட பின்னரே அட்டவணைக்குள் செல்லும்.

பக்க முகவரிகளும் இக்கட்டத்திலேயே நிலைப்படுத்தப்பட்டன. முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால், அதைப் பகிரும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரிந்துவிடுவது வழக்கம். உயிர்க்குறியும் புள்ளியும் சேர்ந்து ஐந்து குறியீடுகள் கொண்ட ‘குளம்’ என்ற சொல் மட்டுமே 45 எழுத்தாகும். வட்ஸ்அப்பில் அத்தகைய இணைப்பு நம்பத்தகாத ஒன்றைப்போலத் தோன்றுகிறது. ஆகவே ஆங்கில எழுத்தில் குறுகிய முகவரி வைக்கப்பட்டு, ஒரு தடவை வெளியிட்ட முகவரி இனி மாற்றப்படாது என்ற விதியும் எழுதப்பட்டது.

தேடல்

அடுத்த இடம் தேடலுக்குக் கொடுக்கப்பட்டது. தமிழுக்கென ஆயத்தம் செய்யப்படாத தேடற்பெட்டி, இருக்கும் பக்கத்தையும் இல்லை என்று சொல்லிவிடும். ‘குளம்’ என்று தேடுபவருக்கு ‘குளத்தின்’ என்று எழுதிய பக்கம் அகப்படாது. விசுவமடு, விஸ்வமடு என்றும், முத்தையன்கட்டு, முத்துஐயன்கட்டு என்றும் ஒரே இடம் பலவாறு எழுதப்படுகிறது. ‘கொ’ என்ற எழுத்தில் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் தட்டச்சுச் செய்யலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இந்தக் கடைசிச் சிக்கலை ஜாவாஸ்கிரிப்டில் உள்ள நார்மலைஸ் எனும் கட்டளை தீர்த்துவைக்கும். எழுத்துவேறுபாடுகளை எந்தக் கட்டளையும் தீர்க்காது. ஒவ்வொரு குளத்துக்கும் வழக்கில் உள்ள மாற்றுப் பெயர்களையும், வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் தட்டச்சுச் செய்யக்கூடிய ஆங்கில வடிவத்தையும் அட்டவணையில் ஒரு நிரலாக ஊரறிந்தவர்தாம் எழுதவேண்டும். அவ்வேலையை ஆசிரியையைவிடச் சிறப்பாகச் செய்யக்கூடியவர் எவருமில்லை.

முழு உரையையும் தேடும் வசதி தேவையா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். இருநூறு பக்கங்கள், பக்கத்துக்கு மூவாயிரம் குறியீடுகள் என்று கொண்டால், சுருக்குவதற்கு முன் 1.8 மெகாபைட் வரும். பெயரும் ஊரும் மாற்று வடிவங்களும் மட்டும் என்றால் ஏறத்தாழ 60 கிலோபைட் போதும். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் அலைவரிசை மெலிந்துபோகும் இடங்களிலிருந்து பார்ப்பவரை எண்ணி, பெயர்த்தேடலே போதும் என்று ஆசிரியை உறுதியாக நின்றார். அவர் சொன்னதே சரி.

அகரவரிசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. யூனிகோட் அட்டவணையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்தும் இருப்பதால், குறியீட்டு எண்படி அடுக்கினால் பிள்ளைகள் பாடசாலையில் கற்ற வரிசை குலைந்துபோகும். தமிழுக்குரிய ஒப்பீட்டு விதியைப் பயன்படுத்துமாறு உலாவிக்குச் சொன்னால் வரிசை சரியாகிவிடும். ஒரு வரிக் கட்டளைதான். ஆயினும் பதிவு ஒரு தமிழாசிரியரின் கண்ணில் படும்போது அதன் மதிப்பு தெரியும்.

படம், வரைபடம், குரல்

படங்களை 1,200 படப்புள்ளி அகலத்துக்குக் குறைப்பது முதற்கட்டத்திலேயே செய்யப்படும். அப்போதே படக்கோப்புக்குள் கைபேசி எழுதிவைக்கும் அமைவிடத் தகவலும் நீக்கப்படும். குளத்தின் அமைவிடம் எல்லோருக்கும் உரியது. பேட்டி கண்ட முதியவரின் முற்றம் அப்படியன்று. முகம் தெரியும் படங்களுக்கு உரியவரின் சம்மதம் பெற்ற நாளைக் குறிப்பதற்கும் ஒரு நிரல் இருக்கிறது; வன்னியில் இதை ஒரு சம்பிரதாயமாகக் கருதிவிடக்கூடாது.

வரைபடத்தை இணையப் பக்கத்தில் காட்டும் லீஃப்லெட்டும், பலர் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பும் முதலில் பேசப்பட்டன. அவை நல்ல கருவிகள். ஆனால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் வழங்கியிலிருந்து வரைபடத் துண்டுகளை மொத்தமாக இறக்கி, இணைப்பில்லாத இடத்தில் பயன்படுத்த அவர்களின் விதி இடந்தராது. மாணவருக்கு வேண்டியதோ இணைப்பில்லாமலும் திறக்கும் வரைபடம். ஆகவே அத்திட்டத்தின் தரவைக் கொண்டு, உரிய நன்றிக்குறிப்புடன், கியூஜிஐஎஸ் எனும் வரைபட மென்பொருளில் ஆறுகளும் வீதிகளும் குளங்களும் மட்டும் உள்ள ஒரு கோட்டுப்படத்தை ஆசிரியையே வரைவார். புவியியல் ஆசிரியைக்கு அது சுமையன்று. அதே காரணத்துக்காக, ஒரு தடவை திறந்த பக்கத்தைக் கைபேசியிலேயே சேமித்துவைக்கும் வசதியும், ஏ4 தாளில் ஒழுங்காக அச்சாகும் பாணியும் பட்டியலில் மேலே ஏறின. அச்சுப்பாணிக்குச் சில வரி சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் மொழி) போதும். கணினி அறை இல்லாத வகுப்புக்கும் அது போய்ச்சேரும்.

குரற்பதிவைப் பொறுத்தவரை, பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3 போதுமானது. நிமிடத்துக்கு 480 கிலோபைட் வீதம் பத்து நிமிடப் பேச்சு 5 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். நூறு பதிவுகளானால் இலவச இடத்தில் பாதி நிரம்பிவிடும். ஆகவே தளத்தில் ஒவ்வொருவரின் குரலிலிருந்தும் மூன்று நிமிடத் துண்டு மட்டும் இருக்கும். முழுப்பதிவு இரண்டு தனித்தனி வன்தட்டுகளில், வெவ்வேறு வீடுகளில் வைக்கப்படும். பதிவுசெய்யும் வேலை மட்டும் எந்த வரிசைக்கும் காத்திராமல் உடனே தொடங்கவேண்டும் என்பதில் நாங்கள் இருவரும் ஒரே மனத்தினராக இருந்தோம். தளத்தில் ஏற்றுவதை ஐந்து ஆண்டு தள்ளிப்போடலாம். எண்பது வயதைக் கடந்தவரிடம் கேட்பதைத் தள்ளிப்போட முடியாது.

மும்மொழிப் பதிப்பைப் பற்றிய முடிவு, அட்டவணையாக்கத்தின் பயனைத் தெளிவாகக் காட்டியது. கதைகளை மொழிபெயர்த்தால் ஒவ்வொரு திருத்தமும் மூன்று மடங்காகும். அட்டவணையில் உள்ள பெயர், பிரதேச செயலகப் பிரிவு, அணையின் நீளம், வயற்பரப்பு ஆகியவற்றுக்குத் தலைப்புகளை மட்டும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தடவை எழுதிவிட்டால், எல்லாக் குளங்களின் தரவுப் பக்கமும் மும்மொழியில் வந்துவிடும். கதை தமிழிலேயே இருக்கும்.

வரிசையும் காலமும்

பணிகளின் கால அட்டவணை பருவத்தோடு பொருத்தப்பட்டது. ஆகஸ்ட் விடுமுறையில் குளங்கள் வற்றியிருக்கும். துருசையும் அணையின் அடியையும் பார்க்கலாம், அளக்கலாம். டிசம்பர் விடுமுறையில் வடகீழ்ப் பருவமழையால் வான்பாயும் காட்சியைப் படமெடுக்கலாம். வெளியே போகமுடியாத நாட்களில் கணினி வேலை நடக்கும். இவ்வாறு முதல் ஆண்டுக்கு அட்டவணையாக்கம், நிலையான முகவரி, படக் குறைப்பு, அச்சுப்பாணி. இரண்டாம் ஆண்டுக்குத் தேடல், இணைப்பின்றிப் பார்க்கும் வசதி, மும்மொழித் தலைப்புகள். அதன் பின் வரைபடம், குரல், இறுதியாகக் காலக்கோடு என்று வரிசை அமைந்தது. ஒரு கட்டம் முடியாமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்பதும் எழுதப்பட்டது.

இவற்றோடு, எவரும் கேட்காத ஒன்றையும் பட்டியலில் சேர்த்தோம். ஆசிரியைக்குப் பின் தளத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பதே அது. கணக்கின் கடவுச்சொல், மூலக்கோப்புகள், தளத்தை மீண்டும் உருவாக்கும் முறை ஆகியவை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதப்பட்டு, அவர் நம்பும் பழைய மாணவி ஒருவரிடம் கொடுக்கப்படும். ஆண்டுதோறும் முழுத்தளத்தின் பிரதி, இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவில் பதிவாகுமாறு செய்யப்படும்; 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டத்திடம் அட்டவணையின் பிரதியை ஏற்க முடியுமா என்று கேட்பதும் முதலாண்டுப் பணிகளில் ஒன்று. அந்தப் பழைய மாணவி தம் கணினியில் தளத்தைத் தனியாக ஒரு தடவை உருவாக்கிக் காட்டிய பின்னரே முதற்கட்டம் முடிந்ததாகக் கொள்ளப்படும்.